மத்தியான ஆட்டத்தில் எரியாத திரி

"அண்ணாச்சி, எங்க நாடகக் கொட்டகையில அம்மன் மத்தியானம் வர மாட்டேங்கா. சாயங்காலம் மட்டும் தவறாம வந்துருதா."

விருதுநகர் பருத்திப் பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பொன்னுத்தங்கம் இதைச் சொல்லிவிட்டாள். சித்திரை வெயிலில் சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வந்த வேலைதான் பெரிது என்பது போல அதைத் துடைக்கக்கூட இல்லை.

ரத்தினசாமி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். "முதல்ல குடிங்கம்மா. அம்மன் எங்கயும் போயிர மாட்டா."

பஞ்சுக் கிட்டங்கியோ எண்ணெய்க் கிட்டங்கியோ தீப்பிடித்தால், அது தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆராய்ந்து சொல்வது ரத்தினசாமியின் தொழில். சாம்பலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பேட்டையில் பேச்சு உண்டு. அவருடைய உதவியாளன் நாகையாவுக்கோ சாம்பல் தேவையில்லை. ஆளைப் பார்த்தாலே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவான். இதுவரை எட்டுப் பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். எட்டுப் பேரும் நிரபராதிகள்.

பொன்னுத்தங்கம் தண்ணீரைக் குடித்துவிட்டு விவரத்தைச் சொன்னாள். கொட்டகை அவள் அப்பா கட்டியது. இப்போது அவளுக்கும் அவள் அண்ணன் காளிராஜுக்கும் பொது. மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று இரண்டு மாத ஒப்பந்தத்தில் வந்து இறங்கியிருக்கிறது. கடைசிக் காட்சியில் பளீரென்று ஒரு மின்னல் வெட்டும். புகை விலகும்போது கையில் சூலத்தோடு அம்மன் நிற்பாள். அந்த ஒரு காட்சிக்குத்தான் கூட்டம்.

"ராத்திரி ஆட்டத்துக்கு எந்த வீட்டுல பொம்பளைகளை அனுப்புதாக, அண்ணாச்சி? தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்னு வாரம் பூரா வேலை பாக்குற பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணுதான் ஒழியும். அதனாலதான் மத்தியான ஆட்டம்னு ஒண்ணு போடுவோம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. மூணு தடவையும் திரி உஸ்ஸுனு அணைஞ்சு போச்சு. அம்மன் இருட்டுக்குள்ள பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கா. அதே நாள் சாயங்காலம் ஆம்பளைக பாக்குற ஆட்டத்துல ஜெகஜோதியா வெட்டுது."

"மின்னலுக்கு மருந்து யார் செய்யுறது?"

"வாணக்காரர் பலவேசம். கோயில் வாணவேடிக்கைக்கு அவரைத்தான் தேடுவாக. ரெண்டு ஆட்டத்துக்கும் மருந்து ஒரே கையால அரைச்சதுதான். நாளைக்கும் எரியலைன்னா மத்தியான ஆட்டத்தையே நிப்பாட்டிருவேன்னு அண்ணன் சொல்லிட்டாக. பலவேசத்துக்கும் வேலை போயிரும். நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு, அண்ணாச்சி."

நாகையா எழுந்தே நின்றுவிட்டான். "சந்தேகமே வேண்டாம். உங்க அண்ணன்தான்!"

"ஏலே, உக்காரு. முதல்ல கொட்டகையைப் பாப்போம்" என்றார் ரத்தினசாமி.

மறுநாள் காலை இருவரும் சிவகாசியில் இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் பேப்பர் லோடு வண்டிகளின் இரைச்சல் இல்லை. கொட்டகைக்குத் தகரக் கூரை. காலையிலேயே உள்ளே அனல் அடித்தது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மணல் வாளிகளும் தண்ணீர்த் தொட்டியும், தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த கோணிச் சாக்குகளும் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தன.

காளிராஜ் வெள்ளை வேட்டி கசங்காமல் வந்து நின்றார். தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகம் வைத்திருப்பவர். "என் தங்கச்சி பிடிவாதம் ஊருக்கே தெரியும். ஆர்டர் பேப்பர் வைக்க எனக்கு எடம் பத்தலை. மத்தியான ஆட்டம் நின்னா பகல்ல இங்கன அடுக்கிக்கிடலாம். அதை நான் மறைக்கலை. ஆனா, அதுக்காக திரியை அணைக்கிற சின்னப்புத்தி எனக்குக் கிடையாது, ஆமா!"

கம்பெனி வாத்தியார் கனகசபாபதி மேடையிலிருந்தே பேசினார். மேடையில் இல்லாதபோதும் அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார். "ஐயா! பகல் ஆட்டம் என்பது கலைக்கே இழுக்கு. உச்சி வெயிலில் என் அரிதாரம் உருகிக் கழுத்து வழியே ஓடுகிறது. அது போதாதென்று பகல் ஆட்டம்தோறும் அம்மனின் சூலத்தை எவனோ இடம் மாற்றி வைக்கிறான்! மருந்துத் தட்டின் அருகே, எடுக்கத் தோதாக நான் சாத்தி வைப்பேன். காட்சி நேரத்தில் பார்த்தால் எதிர்மூலையில் படுத்துக் கிடக்கும்!"

"காணாமப் போறதில்லை?"

"இல்லை. பத்திரமாகத்தான் கிடக்கும். தரை மணல் மேல்."

ரத்தினசாமி தலையை ஆட்டிக்கொண்டார். "சூலம் மரமா, இரும்பா?"

"சுத்த இரும்பு! அட்டைச் சூலம் பிடிக்கும் கம்பெனி அல்ல நாங்கள்!"

வாணக்காரர் பலவேசம் கடைசியாக வந்தார். சொல்லாத வசவுகளெல்லாம் அவர் முகத்தில் நின்றன. போன வாரம் எரியாமல் போன மண் தட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். "எரியாமப் போன மருந்தை மூணு வாரமும் மறுநாள் எங்க முத்தத்து வெயில்ல வச்சுக் கொளுத்திப் பாத்தேன், ஐயா. பளிச்சுனு பிடிச்சுக்கிடுது! கொட்டகைக்குள்ள எரியாத மருந்து வீட்டு முத்தத்துல எரியுது. யாரோ வேணும்னே எனக்குச் செய்யுறாக. எங்க வீட்டுக்காரியே என்னை நம்ப மாட்டேங்கா. மருந்தைச் சரியா அரைக்கலைன்னு என்னைய ஏசுதா."

ரத்தினசாமி தட்டை வாங்கிப் பார்த்தார். தீ படாத விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதில் முடிபோல ஒரு பழுப்பு நார் ஒட்டியிருந்தது. நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து, நாகையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன?"

"சாமியார் தாடி!" என்றான் நாகையா, சற்றும் தயங்காமல். "மாறுவேஷம்!"

ரத்தினசாமி சிரிக்காமல் பலவேசத்தின் பக்கம் திரும்பினார். "மத்தியானம் தட்டை எப்ப வைப்பீக? சாயங்காலம் எப்ப வைப்பீக?"

"மத்தியான ஆட்டத்துக்கு முன்னால பொம்பளைகளை உள்ள விட ஆரம்பிச்சிருவாக, ஆம்பளை குறுக்க மறுக்கப் போகக்கூடாதுன்னு பொன்னுத்தங்கம் அக்கா சொல்லியிருக்காக. அதனால உச்சிப் பொழுதிலேயே வச்சிட்டுப் போயி சாப்பிட்டு, வேப்ப மரத்தடியில செத்த தலையைச் சாய்ப்பேன். சாயங்காலத் தட்டு தகர டப்பாவுக்குள்ளயே இருக்கும். காட்சிக்குக் கொஞ்சம் முன்னதான் எடுத்து வச்சிட்டு, பக்கத்துலயே நிப்பேன்."

"பின்கதவு?"

பொன்னுத்தங்கம் பதில் சொன்னாள். "உள்தாப்பாள் போட்டுத்தான் இருக்கும், அண்ணாச்சி. ஆனா மூணு வாரமும் மத்தியானம் போய்ப் பாத்தா, அகலத் தெறந்து, அசையாம இருக்க ஒரு செங்கலை அண்டக் குடுத்து வச்சிருக்கு. திருடன் அந்த வழியாத்தான் ஓடியிருக்கணும்."

"திருடன் செங்கல் வைப்பானா?" என்று ரத்தினசாமி கேட்டார்.

அப்போது தூக்குச்சட்டியோடு ஒரு பெண் முன்வாசல் வழியாக வந்தாள். பலவேசத்தின் மனைவி வள்ளித்தாய். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகக் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தாள். புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு அப்படியே ஆட்டத்துக்கு முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவாளாம்.

"யப்பா, தகரம் என்ன கொதி கொதிக்கி!" என்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"பெறந்த ஊரு எதும்மா?" என்று ரத்தினசாமி மரியாதைக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அச்சங்குளம், ஐயா. கல்யாணத்துக்கு முன்னால அங்கனதான் பட்டாசு ஆபீஸ்ல மருந்து அடைச்சேன்." அதற்கு மேல் பேச அவளுக்கு நேரமில்லை. சோறு ஆறிவிடும்.

ரத்தினசாமி ஏற்பாடுகளை அமைதியாகச் செய்தார். எல்லாம் எப்போதும் போலவே நடக்க வேண்டும். பலவேசம் வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். சாயங்காலத்துக்கான தகர டப்பா மட்டும் தன்னிடம் இருக்கட்டும் என்றார். காளிராஜையும் கனகசபாபதியையும் தன்னோடு ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். நாகையாவை எதிரிலிருந்த பந்தல் நிழலில் பின்கதவைப் பார்த்தபடி உட்கார வைத்தார். நாகையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரியைப் பிடிக்க ஒரு கயிறு கூடத் தயாராக வைத்திருந்தான்.

சாப்பிட்டுத் திரும்பியதும் அவன் ஓடி வந்தான். முகம் வாடியிருந்தது.

"ஒரு எதிரியும் வரலை, அண்ணாச்சி. நான் கண்ணு கொட்டலை. பலவேசம் சாப்பிட்டுட்டு மரத்தடியில படுத்துட்டாரு. அவரு சம்சாரம் தூக்குச்சட்டியைக் கழுவ முன்வாசல் வழியா உள்ள போனாக. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தாக. அம்புட்டுதான். வேற ஒரு ஈ காக்கா கிடையாது."

"கதவு?"

நாகையா திரும்பிப் பார்த்தான். கதவு அகலத் திறந்திருந்தது. கீழே செங்கல் இருந்தது. அவன் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது.

ரத்தினசாமி உள்ளே போய் மேடையின் பக்கவாட்டில் குனிந்தார். சூலம் எதிர்மூலையில், மணல் மேல் படுத்திருந்தது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. திரியை விரலால் தொட்டார். ஊற வைத்த நூலைப் போலத் துவண்டது. தட்டை அப்படியே ஓரமாக நகர்த்திவிட்டு, தகர டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனைக்குட்டத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் நடந்தே வந்தவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தையும் கடலைப் பொட்டலமுமாகப் பெஞ்சிலும் மணலிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மூன்று வாரமாக ஏமாந்தும் வந்திருக்கிறார்களே என்று பொன்னுத்தங்கம் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவளுடைய அண்ணன் கொட்டகைக் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிக் காட்சி வந்தது. கனகசபாபதி, கழுத்தில் ஓடும் அரிதாரத்தைப் பொருட்படுத்தாமல், "தாயே! வா!" என்று கர்ஜித்தார். திரைக்குப் பின்னால் ரத்தினசாமி டப்பாவைத் திறந்து புதுத் தட்டை வைத்தார். விளக்குக்காரன் ஊதுபத்தியை நீட்டினான்.

கொட்டகையே வெள்ளையாகிவிட்டது! ஒரு கணம் எல்லா முகமும் தெரிந்தது. புகை விலகியபோது அம்மன் சூலத்தோடு நின்றாள். பெண்கள் எழுந்து நின்று குலவை போட்டார்கள். அந்தச் சத்தம் தகரக் கூரையில் பட்டுத் தெறித்தது. பொன்னுத்தங்கம் வாய்விட்டு அழுதுவிட்டாள். கனகசபாபதி தன் வசனத்தை மறந்து நின்றார். அவர் நாடக வாழ்வில் அப்படியொரு குலவையைச் சாயங்கால ஆட்டத்தில் கேட்டதே இல்லை.

கூட்டம் கலைந்தபின் ரத்தினசாமி எல்லோரையும் மேடைக்கு வரச் சொன்னார். பலவேசத்தின் பின்னால் வள்ளித்தாயும் வந்து நின்றாள்.

"ஆள் யாருன்னு சொல்லுங்க. போலீஸைக் கூப்பிடுதேன்" என்றார் காளிராஜ்.

"போலீஸுக்கு வேலை இல்லை, முதலாளி. மருந்து நல்ல மருந்து. அதே மருந்து டப்பாவுக்குள்ள இருந்து வந்தா எரியுது. உச்சி வெயில் நேரத்துல வெளிய இருந்தா எரியலை. மறுபடி வெயில்ல காஞ்சா எரியுது. காஞ்சா எரியுதுன்னா, அதுக்கு முன்னால அது நனைஞ்சிருக்கணும். தட்டுல வெள்ளையாப் பூத்தது வெடியுப்பு. ஈரம் பட்டுக் காஞ்சா அது அப்படித்தான் பூக்கும். அதுல ஒட்டியிருந்தது சாக்கு நார். தொட்டியில ஊறுற ஈரச் சாக்கை யாரோ தட்டு மேல போர்த்தி, ஆட்டத்துக்கு முன்னால எடுத்திருக்காக."

"பொறாமை!" என்றார் கனகசபாபதி.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன், வாத்தியாரே. ஆனா உங்க நாடகத்தைக் கெடுக்க நினைக்கிறவன் சூலத்தைக் கெணத்துல போட்டிருப்பான். இங்கன அது சத்தம் வராம மணல் மேல படுக்க வச்சிருக்கு. கெடுக்க வந்தவன் கதவைச் சாத்திட்டுப் போவான். இங்கன கதவு மூடிக்கிடக் கூடாதுன்னு செங்கல் வச்சிருக்கு. மூணையும் சேத்துப் பாருங்க. மருந்து இருக்கிற எடத்துல கதவைத் தெறந்து வையி, பொறி பறக்கிற இரும்பைத் தள்ளி வையி, வெயில் நேரத்துல ஈரச் சாக்குப் போடு. இதை எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காக?"

நாகையா மெல்லச் சொன்னான்: "பட்டாசு ஆபீஸ்ல."

"அதேதான். இந்தக் கொட்டகையைக் கெடுக்க யாரும் வரலை. காப்பாத்த ஒருத்தர் வந்திருக்காக. பட்டாசு ஆபீஸ்ல மருந்துப் பெட்டிக்கு மூடி உண்டு. சாக்கு மூடி மேல கெடக்கும். மருந்துல ஈரம் ஏறாது. இங்கன தட்டுக்கு மூடி கிடையாது. செஞ்ச தப்பு அம்புட்டுதான்."

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நிறுத்தினார். பெயரைச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் பலவேசத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாந்தான்."

பலவேசம் அப்படியே திரும்பினார்.

வள்ளித்தாய் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "ஈரச் சாக்கு மருந்தைக் கெடுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தகரம் கொதிக்கி, அதுக்குக் கீழ மருந்து சும்மா கெடக்கு, பக்கத்துல இரும்பு, கதவு தாப்பாள் போட்டிருக்கு. இதைப் பாத்துட்டு நான் எப்பிடி முன்வரிசையில போயி உக்காருவேன்? அச்சங்குளத்துல எங்க அக்கா செல்லத்தாய் இருந்த ரூமுல தீப்பிடிச்சப்ப, யாரு தள்ளியும் கதவு தெறக்கலை." அவள் சற்று நிறுத்தினாள். "இவுக மருந்தை வெயில்ல போட்டுட்டுத் தூங்குதாகன்னு முதலாளி பேசிரக் கூடாதுன்னுதான், யாருகிட்டயும் சொல்லாம ஆட்டத்துக்கு முன்னால சாக்கை எடுத்துருவேன். நானே கெடுத்துட்டு, வீட்டுல போயி இவுகளை ஏசியிருக்கேனே!"

காளிராஜ் பின்கதவையும் அதன் கீழிருந்த செங்கலையும் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். கதவு திறக்காத கதைகள் அவருக்கும் தெரியும். இந்தக் கொட்டகையில் மூன்று வாரமாகப் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருந்தபோது, கதவைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் இவள்தான் என்பது அவருக்கு உறைத்தது.

"இனிமே ஆட்டம் நடக்கையில அந்தத் தாப்பாளை ஒருத்தரும் போடக்கூடாது" என்றார் கரகரத்த குரலில். "தட்டுக்கு ஒரு மூடி செஞ்சிருவோம். சூலத்தை மூங்கில்ல செஞ்சு வெள்ளிப் பேப்பர் ஒட்டிக்கிடுங்க, வாத்தியாரே."

கனகசபாபதி மறுக்கவில்லை. அந்தக் குலவை இன்னும் அவர் காதில் இருந்தது. "பகல் ஆட்டத்திற்கு என்றால் சம்மதம்" என்றார்.

"அப்ப மத்தியான ஆட்டம்?" என்று பொன்னுத்தங்கம் கேட்டாள்.

"நான் எப்ப நிப்பாட்டுதேன்னு சொன்னேன்?" என்று காளிராஜ் எரிந்து விழுந்தார். "பேப்பரை வேற எங்கயாச்சும் அடுக்கிக்கிடுதேன். மருந்துத் தட்டைப் பாத்துக்கிட இந்த அம்மாளையே ஆளாப் போட்டுரு." பொன்னுத்தங்கம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகையா கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். இந்த முறை அவன் பிடித்துக் கொடுத்தது காளிராஜை மட்டும்தான் என்பதில் அவனுக்கே கொஞ்சம் ஆறுதல்.

எல்லோரும் நகர்ந்தபின் பலவேசம் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணமாகி வருஷக்கணக்காகிவிட்டது. அவர் செய்யும் வாணமெல்லாம் இருட்டிய பிறகு, வெளியூர்க் கோயில்களில்தான் வெடிக்கும். மருந்து இடிக்கிற சத்தத்தைத் தவிர அவள் எதையும் கண்டதில்லை. இந்த மத்தியான ஆட்டத்தில்தான் புருஷன் கைவேலையை முதல்முறையாகப் பார்க்கலாம் என்று ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. ஏச வேண்டும் என்று வந்தவருக்கு ஏச வரவில்லை.

"இன்னைக்காவது பாத்தியா? எப்பிடி இருந்துச்சு?"

வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "பாக்கலை."

"முன்னாலதான உக்காந்திருந்த?"

"வெளிச்சம் வரவும் பயத்துல கண்ணை இறுக்கி மூடிட்டேன்." பிறகு நிமிர்ந்து, முதல் முறையாகச் சிரித்தாள். "இனிமே மூடி நீங்க செய்யுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கண்ணைத் தெறந்து வச்சிருக்கேன்."